சைக்கிள் + ரயில்: மாசம் 1,900 ரூபாய் மிச்சம் பண்ணலாம், ஆனா பையை ஒழுங்கா கட்டணும்!



பெட்ரோல் செலவு பற்றி போன வாரம் போட்ட வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு சைக்கிள், அங்கிருந்து ரயில், திரும்ப சைக்கிள்னு போனா நிஜமாவே மிச்சமாகுமா சார்? லேப்டாப், சாப்பாடு, மாத்துத் துணி எல்லாத்தையும் எப்படித் தூக்கிட்டுப் போறது?"

முதல் கேள்விக்கு பதில் ஆமாம். ஆனா அந்த மிச்சம் கையில நிக்குமா நிக்காதாங்கிறது இரண்டாவது கேள்வியில்தான் இருக்கு. அதை நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நனைஞ்ச பில்லுங்க

2012. நான் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிட்டு இருந்த காலம். வீடு காரமடை பக்கம். காலையில் மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் ஏறி வடகோவையில் இறங்கி, அங்கே ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிற பழைய சைக்கிளை எடுத்துட்டு ஆர்.எஸ்.புரம் ஆபீஸுக்குப் போவேன். ஸ்டைபண்டு பணத்தில் வேற எப்படியும் போக முடியாது.

ஐப்பசி மாசம் ஒரு சாயங்காலம். சோமனூர் பக்கம் நூல் வியாபாரம் பண்ணும் ஒரு கிளையண்டோட கொள்முதல் பில்கள், 40 இருக்கும், வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கலாம்னு எடுத்துட்டுக் கிளம்பினேன். ஒரு மஞ்சப்பையில் போட்டு, கேரியரில் டியூப் ரப்பரால் கட்டியிருந்தேன். ஸ்டேஷனுக்கு 2 கிலோமீட்டர்தான். பாதி வழியில் மழை கொட்ட ஆரம்பிச்சது. நின்னா ரயில் போயிடும். நிக்காம மிதிச்சேன். ரயிலைப் பிடிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரிச்சா மை எல்லாம் ஓடி, பேப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தது. 11 பில்லில் எண்ணே தெரியல. அப்போ வாட் வரி காலம். ஒரிஜினல் பில் இல்லாம உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதாவது நான் நனைச்சது பேப்பரை இல்லை, அந்த மனுஷனோட பணத்தை.

மறுநாள் அவர்கிட்ட போய் நேரா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஏங்கண்ணு, பில்லு திருப்பி வாங்கிக்கலாமுங்க. நம்பிக் குடுத்ததை மஞ்சப்பையில போட்டு மழையில கொண்டு போவியா?"ன்னார். திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன். அடுத்த மூணு சனிக்கிழமை பஸ் ஏறி ஏறி, ஒவ்வொரு நூல் கடையாப் போய் நகல் வாங்கினேன். பஸ் செலவும் டீ செலவும் சேர்த்தா, அந்த மாசம் சைக்கிளில் மிச்சம் பண்ணதைவிட ரெண்டு மடங்கு ஆச்சு.

ஒரு 30 ரூபாய் கனமான பாலித்தீன் கவர் இருந்திருந்தா இது எதுவுமே நடந்திருக்காது.

முதல்ல கணக்கு

கணக்குக்காக ஒருத்தரை எடுத்துக்குவோம். வீடு காரமடை, ஆபீஸ் காந்திபுரம் பக்கம். போக வர 50 கிலோமீட்டருக்கு மேலேயே வரும். குறைச்சு 50-ன்னே பிடிப்போம். மாசம் 24 நாள் வேலை.

பைக்கில் போனா: 1,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய்னு வெச்சா சுமார் 2,700 ரூபாய். சர்வீஸ், ஆயில், டயர் தேய்மானத்துக்கு 500. மொத்தம் 3,200.

சைக்கிள் + ரயிலில் போனா: மெமுவில் சாதாரண டிக்கெட் 10 ரூபாய் வீதம் போக வர மாசத்துக்கு 480. மாத சீசன் எடுத்தா இதைவிடக் குறையும். வீட்டுப் பக்கம் ஸ்டாண்டு 300, ஊருக்குள்ள இரண்டாவது சைக்கிளுக்கு ஸ்டாண்டு 300 (இது என் அனுமானம், உங்க ஸ்டாண்டில் கேட்டுக்குங்க). பஞ்சர், ஆயில் 150. மொத்தம் 1,230.

வித்தியாசம் 1,970 ரூபாய். வருஷத்துக்கு 23,640.

இங்கே ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஏற்கனவே பைக் வாங்கி இ.எம்.ஐ. கட்டிட்டு இருக்கீங்கன்னா, அந்த இ.எம்.ஐ.யை இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க. வண்டி ஓடினாலும் நின்னாலும் அதைக் கட்டித்தான் ஆகணும். ஓடும் செலவு மட்டும்தான் மிச்சம். ஆனா இன்னும் வண்டியே வாங்கலைன்னா, ஆன்ரோடு விலை, வட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாமே உங்க மிச்சம்தான்.

இரண்டாவது, 1,970-ஐயும் முதலீட்டில் போடாதீங்க. 1,500-ஐ எஸ்.ஐ.பி.யில் போடுங்க. வருஷத்துக்கு 10% கிடைக்கும்னு வெச்சுக்கிட்டா (கிடைக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது) 10 வருஷத்தில் நீங்க போட்ட 1,80,000 சுமார் 3 லட்சம் ஆகும். மீதி 470-ஐ தனியா 'சைக்கிள் நிதி'ன்னு ஒதுக்குங்க. பூட்டு, லைட், டயர், மழைக்கோட்டு எல்லாம் அதிலிருந்துதான். தனியா ஒதுக்காம விட்டா, "அடுத்த மாசம் வாங்கிக்கலாம்"னு சொல்லி லைட் இல்லாமலேயே ஓட்டிட்டு இருப்போம்.

எந்த சைக்கிள்?

கோவையில் 2018-ல் ஓஃபோ நிறுவனத்தோட மஞ்சள் சைக்கிள்கள் வந்தது ஞாபகம் இருக்கா? ஆப்பில் ஸ்கேன் பண்ணி எடுத்துட்டுப் போகலாம். அதே வருஷம் அந்த நிறுவனம் இந்தியாவை விட்டே கிளம்பிடுச்சு. தினமும் ஆபீஸ் போற விஷயத்துக்கு சொந்த சைக்கிள்தான் சரி.

அதுக்காக 25,000 போட வேண்டாம். பதினொண்ணாவது படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் துருப்பிடிச்சு நிக்குதா? டியூப், டயர், பிரேக் கட்டை, செயின் மாத்தினா ஸ்டேஷனுக்குப் போக அது போதும். ஸ்டாண்டில் நிறுத்துற சைக்கிள் பார்க்க சுமாரா இருக்கிறதுதான் நல்லது. புதுசு வாங்கறவங்களுக்கு ஒரு நல்ல சேதி: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12%-லிருந்து 5% ஆகியிருக்கு. பில்லில் 5% போட்டிருக்காங்களான்னு பாருங்க.

"மடக்கற சைக்கிள் வாங்கி ரயிலுக்குள்ளேயே கொண்டு போலாமா?"ன்னு கேக்கறாங்க. பக்கத்து ஊர் கொச்சியில் 2020 நவம்பரில் மெட்ரோ ரயிலுக்குள்ள சைக்கிள் கொண்டுபோக அனுமதிச்சாங்க. நம்ம பாசஞ்சர் ரயிலில் கதை வேற. சாதாரண சைக்கிளை லக்கேஜா புக் பண்ணித்தான் கொண்டு போகணும். தினமும் அது நடக்கற காரியமில்லை. மடக்கற சைக்கிள் 13, 14 கிலோ இருக்கும், மடக்கினாலும் பெரிய பெட்டி அளவு வரும். காலை கூட்டத்தில் அதோட ஏறினா மத்தவங்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் டென்ஷன். அந்தப் பணத்தில் ரெண்டு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கி, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வெச்சுக்கறது மேல்.

என்னென்ன வேணும், எப்படி எடுத்துட்டுப் போறது

*பூட்டு:* சைக்கிளோட வர்ற சின்னப் பூட்டை நம்பாதீங்க. ஒரு நல்ல செயின் பூட்டு வாங்கி, ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியோட பூட்டுங்க. ரெண்டு சாவியில் ஒண்ணு வீட்டில். பூட்டை ஸ்டாண்டிலேயே மாட்டிட்டு வந்துடலாம், தினமும் சுமக்க வேண்டாம்.

*லேப்டாப்:* கேரியரில் கட்டவே கட்டாதீங்க. ஸ்பீட் பிரேக்கர், குழி எல்லாத்தோட அதிர்வும் நேரா அதுக்குப் போகும். முதுகுப்பையில், முதுகை ஒட்டின அறையில், உறையோட வைங்க. பைக்கு மேல போடற மழை உறை மட்டும் போதாது. முதுகுப் பக்கம் தண்ணி இறங்கும். உள்ளே ஒரு கனமான பாலித்தீன் கவரில் போட்டு வாயை ரெண்டு மடி மடிச்சு வைங்க. ரயிலில் பையைக் கழட்டி முன்பக்கமா மாட்டிக்குங்க.

அது கம்பெனி லேப்டாப்பா? நனைஞ்சாலோ தொலைஞ்சாலோ யார் செலவுன்னு இன்னைக்கே ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க. வாங்கும்போது கையெழுத்துப் போட்ட பேப்பரில் இருக்கும். சம்பளத்தில் 50,000 பிடிச்சா, ரெண்டு வருஷ மிச்சம் ஒரே மழையில் போச்சு.

*பேப்பர்கள்:* ஒரிஜினல் எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. முடியாத நிலைமைன்னா, ஸ்கேன் பண்ணிட்டு அப்புறம் எடுத்துட்டுப் போங்க. ஏன்னு மேலேயே சொல்லிட்டேன்.

*சாப்பாடு:* நம்ம ஊர் மில் தொழிலாளிங்க சைக்கிள் ஹேண்டில்பாரில் தூக்குப்போசியை மாட்டிட்டு ஷிஃப்டுக்குப் போனது பல பேருக்கு தாத்தா காலத்து ஞாபகமா இருக்கும். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கு: சாப்பாடு தனி, மத்ததெல்லாம் தனி. ரசத்தையும் லேப்டாப்பையும் ஒரே பையில் போடாதீங்க. சாப்பாட்டுக்கு தனிப் பை, அதைக் கேரியரில் கட்டிக்கலாம். சிந்தினா சட்டை நனையும், சம்பளம் நனையாது.

*துணி:* தினமும் தூக்கறதைவிட திங்கட்கிழமை ஒரே தடவையா மூணு சட்டையை ஆபீஸ் டிராயரில் வெச்சுடுங்க. ஷூ, சீப்பு, சின்ன டவல் அங்கேயே இருக்கட்டும். ஓட்டும்போது டீ ஷர்ட், செருப்புக்குப் பதில் பழைய ஷூ. பேண்ட் காலில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டா செயின் கிரீஸ் ஒட்டாது.

*லைட், ஹெல்மெட்:* சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சொல்லி சட்டம் கட்டாயப்படுத்தலை. தலை கட்டாயப்படுத்துது, போடுங்க. முன்னால வெள்ளை லைட், பின்னால சிவப்பு லைட். சாயங்காலம் 6:30-க்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் சார்ஜ் போடறதைப் பழக்கமாக்குங்க.

*பஞ்சர்:* சின்ன பம்ப், ஒரு ஸ்பேர் டியூப், டயர் கழட்டற லீவர். வாரம் ஒரு தடவை காத்து அடிச்சாலே பாதி பஞ்சர் வராது. காலை நேரத்தில் ஒரு ரயிலை விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் நிக்கணும். அதனால 15 நிமிஷம் முன்னாடியே கிளம்புங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க, ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்கே இருந்து அடிக்கும். அவிநாசி ரோட்டுப் பக்கம் வேலை பார்த்துட்டு சாயங்காலம் மேற்கே திரும்பறவங்களுக்கு எதிர்காத்து. ஜூன், ஜூலையில் 10 நிமிஷம் சேர்த்தே கணக்குப் போடுங்க.

வரிச் சலுகை இருக்கா?

இல்லைங்க. முன்னாடி மாசம் 1,600 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு வரிவிலக்கு இருந்தது. 2018-19 நிதியாண்டில் அதை எடுத்துட்டு நிலைக்கழிவு கொண்டு வந்தாங்க. புதிய வரி முறையில் அது இப்போ 75,000. நீங்க பைக்கில் போனாலும் சைக்கிளில் போனாலும் அதே 75,000-தான். பிரிட்டனில் 1999 முதல் ஒரு திட்டம் இருக்கு: சம்பளத்திலிருந்து வரிக்கு முன்னாடியே பிடிச்சு கம்பெனி மூலமா சைக்கிளும் ஹெல்மெட்டும் வாங்கலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. யாராவது "சைக்கிள் பில் குடுங்க, ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்"னு சொன்னா நம்பாதீங்க.

அதுக்குப் பதிலா ஒரு 20 ரூபாய் வேலை பண்ணுங்க. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயசு வரை, பேங்க் கணக்கு இருந்தா சேரலாம். இது ஆரம்பம்தான், முடிஞ்சா தனியா ஒரு விபத்துக் காப்பீடும் எடுங்க. நாமினி பேர் போட்டிருக்கான்னு பாருங்க.

யாருக்கு இது வேண்டாம்?

நைட் ஷிஃப்ட் உள்ளவங்க, இருட்டான ரோட்டில் தனியா திரும்ப வேண்டியவங்க, முட்டி வலி இருக்கறவங்க, காலையில் குழந்தையை ஸ்கூலில் விட வேண்டியவங்க கட்டாயப்படுத்திக்க வேண்டாம். வாரத்தில் மூணு நாள் பண்ணினாலும் ஓரளவு மிச்சம் நிச்சயம். மீதி நாள் பைக்கை எடுங்க, தப்பில்லை.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வேலை: லீவு நாளில் ஒரு தடவை முழுப் பையோட ஸ்டேஷன் வரை ஓட்டிப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆகுது, பை எங்கே இழுக்குது, ஸ்டாண்டில் எவ்வளவு கேக்கறாங்கன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. அதை வெச்சு உங்க கணக்கை நீங்களே போடுங்க.

அந்த நூல் வியாபாரி இன்னைக்கும் என் கிளையண்ட்தான். ஒவ்வொரு வருஷமும் கணக்குக் கொடுக்க வரும்போது பில்களை ரெண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வருவார். மேசையில் வெச்சுட்டு, "நனையாதுங்க தம்பி"ன்னு சிரிப்பார். நான் இன்னும் பதில் சொன்னதில்லை.

அடுத்த பதிவில் பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க!