வீதிக்கோடும் தொடர்மாடியும்

இன்று கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் நெருக்கமான வணிக மையங்களாக விளங்கும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரு காலத்தில் நகரத்தின் புறப்பகுதிகளாகவே இருந்தன. 1875இல் துறைமுக அலைதடுப்புச் சுவரின் கட்டுமானம் தொடங்கிக் கப்பல் வணிகம் பெருகியதும், பண்டகசாலைகளும் வண்டிப் போக்குவரத்தும் வடக்குப் பகுதியை நெருக்க, அங்கு வாழ்ந்த செல்வந்தர்கள் கறுவாத்தோட்டத்துப் பக்கம் நகர்ந்தனர்; அவர்கள் விட்டுச்சென்ற கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நம்பிய தொழிலாளரும் சிறு வணிகரும் நிறைந்தனர். தெற்கே, கரையோர ரயில் பாதையும் நூற்பு ஆலையும் காலி வீதியும் சேர்ந்து வெள்ளவத்தையைக் குடியிருப்பாக வளர்த்தன. இவ்விரண்டு வளர்ச்சிகளையும் எவரும் முன்கூட்டி வரைந்து வைக்கவில்லை. வளர்ந்த பின்னரே திட்டங்கள் வந்தன.

கொழும்பின் திட்டமிடலுக்கு முதற்காரணம் அழகுணர்ச்சி அன்று, நோயச்சம். 1914இல் நகரில் கொள்ளைநோய் பரவியதை அடுத்து, கட்டடங்களுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் தெருக்களுக்குப் போதிய அகலமும் வேண்டும் என விதிக்கும் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915இல் இயற்றப்பட்டது. சென்னை மாகாண நகரங்கள் சிலவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதிய ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கு வந்து, மரங்களும் திறந்த வெளிகளும் நிறைந்த தோட்ட நகரமாக அதை வளர்க்கப் பரிந்துரைத்தார். 1940களின் இறுதியில் பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் பற்றிக் அபர்குரொம்பி, நெரிசலைக் குறைக்க இரத்மலானை, ஹோமாகம, ராகமை ஆகிய இடங்களில் துணைநகரங்களை அமைக்கலாம் என்றார். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. அதன்பின் 1985, 1999, 2008, 2019 எனத் திட்டமும் திருத்தமும் மாறி மாறி வந்தன. இருபது ஆண்டுகளை நோக்கி எழுதப்படும் ஓர் ஆவணம் அடுத்த ஆட்சி மாற்றத்தைத் தாண்டுவதே இங்கு அரிது என்று சொல்வது மிகையாகாது.

இத்திட்டங்களில் சாதாரண வாசகர் அறிந்திருக்க வேண்டிய கருவிகள் இரண்டு. ஒன்று தள விகிதம், அதாவது ஒரு காணியின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்ற வரம்பு: பத்துப் பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர் என்பதால், விகிதம் நான்கு எனில் எல்லா மாடிகளும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் வரை எழலாம். மற்றொன்று வீதிக்கோடு. எதிர்காலத்தில் ஒரு வீதி எவ்வளவு அகலமாக வேண்டும் என்று இன்றே கணித்து, இரு பக்கக் காணிகளின் மேல் கடதாசியில் வரையப்படும் கோடு அது; காணி வாங்குவோரிடம் சட்டத்தரணிகள் முதலில் கேட்கும் ஆவணங்களுள் மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழும் ஒன்று. முன்னது உயரத்துக்கு வழிவிடுகிறது, பின்னது அகலத்துக்கு இடம் ஒதுக்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நடைமுறைக்கு வராத இடத்தில் என்ன நேரும் என்பதை வெள்ளவத்தை காட்டுகிறது.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தையின் ஒழுங்கைகள், இரு பக்கமும் முற்றத்துடன் கூடிய தனி வீடுகள் இருந்த காலத்துக்குப் பொருத்தமான அகலம் கொண்டவை. பெரும்பாலானவை ரயில் பாதையில் முட்டி நின்றன. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின்னும், போர்க் காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வந்துசேர்ந்தபோதும், வெளிநாட்டு உறவினரின் பணம் வீட்டு முதலீடாக மாறியபோதும், அதே பத்து, பதினைந்து பேர்ச் காணிகளில் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இருபது குடும்பங்கள் வந்தன. ஒழுங்கையின் அகலம் மட்டும் அப்படியே இருந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஒடியலும் விற்கும் நடைபாதைக் கடை, பாடசாலை வான், தண்ணீர் பவுசர், மணல் இறக்கும் லொறி ஆகிய அனைத்துக்கும் அந்த ஓர் அகலமே பங்கிடப்படுகிறது. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் காலி வீதிக்கு இணையாக டுப்ளிகேஷன் வீதி கிடைத்தது. வெள்ளவத்தைக்கு அத்தகைய ஆறுதல், கடலோரத்தில் மரைன் டிரைவ் நீண்டு ஒழுங்கைகளின் மறுமுனையைத் திறந்தபோதுதான் வந்தது.

நிலத்தின் கீழ் உள்ளவை இதைவிடப் பழையவை. கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு நூறாண்டைத் தாண்டியது. அதன் கழிவு நகரின் தெற்கே வெள்ளவத்தையிலும் வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பாலுள்ள முகத்துவாரத்திலும் அமைந்த கடல் வெளியேற்றுக் குழாய்கள் வழியாகச் செல்லும்படி அமைக்கப்பட்டது. ஆகவே நகரத்தில் எங்கு மாடி உயர்ந்தாலும் அதன் சுமையில் ஒரு பங்கு இவ்விரு பகுதிகளின் கரைக்கு வருகிறது. மழைநீர் மற்றொரு கதை: 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் நாடாளுமன்ற வளாகமே நீரில் மூழ்கிய பின்னரே, வடிகால்களைச் சீரமைக்கவும், நகரின் வடக்குப் பகுதியிலிருந்து மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் முகத்துவாரச் சுரங்கக் கால்வாயை அமைக்கவும், உலக வங்கிக் கடனுடன் பெருந்திட்டம் தொடங்கியது. சதுப்பு நிலங்களே மலிவான வடிகால் என்பதை நகரம் காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்டு, 2018இல் ராம்சர் ஈரநில நகர அங்கீகாரத்தையும் பெற்றது.

ஒழுங்கையை இப்போது அகலப்படுத்தினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. தனி வீடு எனில் உரிமையாளர் ஒருவர். இழப்பீடு பேசிச் சுவரைப் பின்னகர்த்தலாம். தொடர்மாடியில் அது எளிதன்று. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம், ஒரே காணியில் எழுந்த வீடுகளைத் தனித்தனியாக விற்கவும் ஈடுவைக்கவும் வழிசெய்தது. அதனால் நடுத்தர வர்க்கத்தினர் பலருக்குக் கொழும்பில் சொந்த வீடு கைகூடியது. அதே சட்டத்தால் பத்துப் பேர்ச் நிலத்துக்குப் பல உரிமையாளர்கள் உண்டாயினர், அவர்களில் சிலர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பவர்கள். அக்கட்டடங்கள் முதுமையடையும்போது இடித்துக் கட்ட ஒப்புதல் பெறுவதே பெரும்பாடாகும். திட்டப் பிழையைத் திருத்தும் காலம் முதல் வீட்டின் விற்பனை உறுதி கைமாறும் நாளோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

எனவே வளரும் நகர மையத்துக்கு மிஞ்சும் உண்மையான வாய்ப்பு, ஒரே கையில் இருக்கும் பெருங்காணிகளே. 1933 வேலைநிறுத்தத்தால் இடதுசாரி இயக்க வரலாற்றில் இடம்பெற்ற வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலையின் ஏறத்தாழ 18 ஏக்கர் நிலம் அப்படியொரு வாய்ப்பாக இருந்தது. அங்கு இன்று ஹெவ்லொக் சிட்டி என்னும் தனியார் அடுக்குமாடித் தொகுதியும் கடைத்தொகுதியும் நிற்கின்றன. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் புளூமெண்டால் குப்பை மேடும், அதையொட்டிய ரயில், துறைமுகப் பண்டகசாலை நிலங்களும் இன்னும் பேர்ச் பேர்ச்சாகச் சிதறிவிடவில்லை. புளூமெண்டால் நிலத்தில் மாடிகளுக்கான அனுமதி வழங்கப்படும் முன், கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதி நெரிசலைப் பகிரும் ஒரு குறுக்கு வீதிக்கும், ஒரு மைதானத்துக்கும், மழைநீர் தேங்க ஒரு தாழ்நிலத்துக்கும் வரைபடத்தில் கோடு இழுக்கப்பட வேண்டும். அக்கோட்டை வரைவதற்கு இன்று ஆகும் செலவு ஒரு நில அளவையாளரின் கட்டணத்தைவிட அதிகமில்லை.