தென்னந்தோப்பில் ஒரு வயல்வெளிப் பள்ளி

தென்னை ஓலை கறுத்தால் உடனே மருந்துக் கடைக்குச் செல்வது உழவர் பலரின் வழக்கம். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கடைக்காரர் சொல்கிறார், செலவு உங்களுடையது. உங்கள் தோப்பைப் பற்றிய முடிவை நீங்களே எடுக்க இயலாதா? இயலும். அதற்கு வழிகாட்டுவது ‘உழவர் வயல்வெளிப் பள்ளி’.

தோன்றிய விதம்

இந்தோனேசியாவில் புகையான் நெற்பயிரைப் பெருமளவில் அழித்தது. மருந்து மிகுதியாகத் தெளித்ததால், புகையானைத் தின்னும் சிலந்திகளும் நன்மை செய்யும் பூச்சிகளும் மடிந்தன. புகையான் மேலும் பெருகியது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. தடை மட்டும் போதாது, உழவரே பூச்சிகளை இனங்காண வேண்டும் என்ற நோக்குடன், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 1989இல் அங்கு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பின்னர் இம்முறை இந்தியாவுக்கும் வந்தது.

நடைபெறும் முறை

சுமார் 25 உழவர்கள் ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை ஒரே வயலில் கூடுவர். ஐந்தைந்து பேராகப் பிரிந்து பயிரைப் பார்த்து, தீமை செய்யும் பூச்சிகளையும் நன்மை செய்பவற்றையும் எண்ணி, தாளில் படமாக வரைவர். அவ்வாரம் செய்ய வேண்டியதைத் தமக்குள் விவாதித்து, முடிவை மற்றக் குழுக்களுக்கு விளக்குவர். பயிற்றுநர் விடை சொல்வதில்லை. “இது என்ன பூச்சி?” என்றால், “எங்கே இருந்தது? என்ன செய்துகொண்டிருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். ஐயம் தீராவிட்டால் இரு பூச்சிகளை ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று பார்ப்பர்.

குளச்சல் உழவருக்கு

குளச்சல் வட்டாரத்தில் தோப்புகள் சிறியவை, அடுத்தடுத்து அமைந்தவை. பூச்சி வேலியைப் பார்ப்பதில்லை. எனவே இங்கே சேர்ந்து கற்பது மிகவும் அவசியம்.

சுருள் வெள்ளை ஈயை முதல் பாடமாகக் கொள்ளலாம். 2016ஆம் ஆண்டு முதல் தமிழகத் தென்னைகளில் காணப்படும் இப்பூச்சி, ஓலையின் அடிப்பக்கத்தில் சாற்றை உறிஞ்சுகிறது. அது வெளியேற்றும் இனிப்பு நீரின் மேல் வளரும் பூஞ்சணமே நீங்கள் காணும் கறுப்பு. ‘என்கார்சியா’ என்னும் மிகச் சிறிய குளவி இந்த ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. பூச்சிக்கொல்லி தெளித்தால் இக்குளவியும் மடியும்.

தொடங்குவது எப்படி?

1. பக்கத்துத் தோப்புக்காரர்கள் 20 முதல் 25 பேர் சேருங்கள், பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. சில மரங்களுக்கு அடையாளமிட்டு, 15 நாட்களுக்கு ஒருமுறை கீழ்மட்டைகளின் அடிப்பக்கத்தைக் கைலென்சால் பாருங்கள்.

3. உயிருள்ள குஞ்சுகள் எத்தனை, குளவி தாக்கிக் கறுத்தவை எத்தனை என்று எண்ணிக் குறியுங்கள்.

4. கறுத்தவை கூடிவந்தால் மருந்து தெளிக்காதீர்கள். அத்தகைய ஓலைத் துண்டுகளைக் குளவி இல்லாத தோப்புகளின் மரங்களில் கட்டுங்கள்.

5. மஞ்சள் நிற ஒட்டும் பொறிகளை வைத்துப் பறக்கும் ஈக்களைப் பிடியுங்கள்.

6. ஒவ்வொருவரின் செலவையும் காய் எண்ணிக்கையையும் எழுதி, ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளங்காதவற்றுக்குத் திருப்பதிசாரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். செல்லும்போது பாதிக்கப்பட்ட ஓலையையும் உங்கள் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். வல்லுநர் எப்போதாவதுதான் உங்கள் தோப்புக்கு வர இயலும். நாள்தோறும் அதில் நடப்பவர் நீங்களே. எனவே பார்ப்பதும், கணக்கிடுவதும், முடிவெடுப்பதும் உங்கள் பொறுப்பாகட்டும்.