அப்போ பையனையே பார்த்துடலாமே?

"ரெண்டு பக்கமும் புடிக்கும்னு தானேண்ணே சொல்றா? அப்போ நல்ல பையனா பார்த்துக் கட்டிக் குடுத்துட்டா முடிஞ்சுதே?"

முதல் ஷிப்ட் முடிந்து, பூட்ஸில் சுரங்கத்து மண் காய்வதற்குள் வந்து நின்ற தம்பி கேட்ட முதல் கேள்வி இது. என்னோடு வேலை பார்த்தவர். டீக்கடை பெஞ்சில் பேசுகிற விஷயமில்லை என்று வீட்டுக்குள் கூட்டி வந்து அடுப்பில் பாலை வைத்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள், டியூஷனிலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி சொல்லியிருக்கிறாள்: "எனக்குப் பசங்களையும் புடிக்கும், பொண்ணுங்களையும் புடிக்கும்ப்பா." இவர் வாயைத் திறக்காமல் வீடு வரை ஓட்டி வந்திருக்கிறார். (அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன்.)

அவள் அந்த இடத்தை யோசித்துத்தான் பிடித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பின்சீட்டில் இருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டாம். வீட்டில் வைத்துச் சொன்னால் ஜன்னலுக்கு ஜன்னல் காது. நெய்வேலிச் சுரங்க டவுன்ஷிப்பில் வளராதவர்களுக்கு இது சட்டென்று புரியாது. இங்கே அப்பாவின் வேலைதான் வீடு. அவர் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எதிர்வீட்டுக்காரர் அதே யூனிட். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மேலதிகாரியின் பிள்ளை. உடம்புக்கு முடியவில்லை என்றால் போவதும் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு. ஒரு வட்டத்தில் தும்மினால் அடுத்த வட்டத்தில் நலம் விசாரிக்கிற டவுன்ஷிப்பில், ஒரு பிள்ளை இதை முதலில் அப்பாவிடம் சொல்கிறது என்றால், வேறு எங்கும் போகாது என்று அவரை நம்பியிருக்கிறது.

சரி, அவர் கேள்விக்கு வருவோம். ஆண்களை மட்டுமே விரும்பும் மகனோ, பெண்களை மட்டுமே விரும்பும் மகளோ சொன்னால் பெற்றோர் இடிந்துபோகிறார்கள். இரு பாலர்மீதும் ஈர்ப்பு, அதாவது இருபாலீர்ப்பு, என்றால் பேரம் தொடங்குகிறது. 'பாதி வழி திறந்துதானே இருக்கு, அதிலேயே போ' என்பது அந்தப் பேரம். கேட்பவருக்கு அது ஆறுதல். சொன்ன பிள்ளைக்கோ, தான் சொன்னதில் பாதி அப்பா காதில் ஏறவே இல்லை என்றுதான் படும்.

"தம்பி, உன் பக்கத்து வீட்டு மலையாளிப் பையன் வீட்டில் மலையாளமும் உன்னிடம் தமிழும் பேசுகிறான். நாளைக்கே கோழிக்கோட்டில் வேலை கிடைத்துப் போனால் அவனுக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிடுமா?" என்றேன். இருபாலீர்ப்பு உள்ள பெண் பிற்பாடு ஓர் ஆணை மணந்தாலும் அந்த ஈர்ப்பு அவளோடுதான் இருக்கும். பெண்ணோடு வாழ்ந்தாலும் அப்படியே. ஒரே சமயத்தில் இரண்டு பேர் வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. திருநம்பி, திருநங்கை விஷயம் வேறு. அது தன்னை ஆணாக உணர்வதா பெண்ணாக உணர்வதா என்பது. இது யார்மேல் மனம் போகிறது என்பது. அதோடு, அவள் மாப்பிள்ளை கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பதினேழு வயதில் கல்யாணப் பேச்சை எடுத்தது இவர்தான்.

"வயசுக் கோளாறா இருக்குமோண்ணே?"

சிலர் பின்னால் தங்களை வேறு விதமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பலர் சாகும்வரை இதையேதான் சொல்கிறார்கள். எது என்று இன்றைக்கு நீயும் நானும் தீர்ப்பெழுத முடியாது. நோயா என்றால், இல்லை. ஒருபாலீர்ப்பையே உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றித் தருகிறேன்' என்று யாராவது சிகிச்சை சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். அப்படிச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புக்குக் காரணம் நம் சென்னை உயர்நீதிமன்றம்.

அதற்கு வழிவகுத்த வழக்கை அவருக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். மகள்களைக் காணவில்லை என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் தனக்கே தெளிவில்லை, தனக்குள்ளும் பழைய எண்ணங்கள் இருக்கின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு தானும் வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் மாணவனைப் போல உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பெற்றோரின் பயங்களும் இருக்கின்றன: ஊர் என்ன சொல்லும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டா என்று. தங்கள் மகள்கள் இப்படி வாழ்வதைவிடத் துணையே இல்லாமல் இருப்பது மேல் என்றும் அவர்கள் நினைத்தார்கள். அதைக் கேட்டதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்திருக்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பேசிப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. நான் போன கூட்டங்களில் கட் ஆஃப் மார்க்கைத் தாண்டி யாரும் பேசிக் கேட்டதில்லை.

"போலீஸ் கேஸ் ஏதும் ஆகாதே?"

எனக்கு இப்படிப் பிடிக்கிறது என்று சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. வயது வந்த இருவர் சம்மதித்துச் சேர்ந்திருப்பதைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. ஒரே பாலினத் திருமணத்துக்கு மட்டும் இன்னும் சட்ட ஏற்பு இல்லை. பதினெட்டுக்குக் கீழே உடல் உறவு என்றால் போக்சோ சட்டம் பாயும். அது ஆண் பெண் ஜோடிக்கும் அப்படித்தான். இதை மிரட்டலாக இல்லாமல் தகவலாக மகளுக்குச் சொல்லலாம்.

தடுமாறும் முதல் பெற்றோர் நீ இல்லை என்றும் அவருக்குச் சொன்னேன். நாவலாசிரியர் விக்ரம் சேத் தன் இருபாலீர்ப்பை மறைக்காதவர். அவருடைய அம்மா லீலா சேத், இந்தியாவில் ஓர் உயர்நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண். அவருக்கே மகனை ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை என்று தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். கணவருக்கு அது இன்னும் கடினமாக இருந்ததாம். முழுக்கப் புரியாமலேதான் மகன்மேல் இருந்த பாசத்தால் ஏற்றுக்கொண்டார்கள். 2025 மே மாதம், மகளை அவள் தோழியிடமிருந்து பிரித்து வீட்டில் அடைத்த ஒரு குடும்பத்தின் வழக்கில், எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல இருப்பதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பெயரைச் சொல்லியே வருந்தியது. அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டது.

டீயில் ஆடை படிந்துவிட்டது. விரலால் எடுத்து ஓரத்தில் தேய்த்துவிட்டு, "இப்ப நான் என்னதான் பண்ணணும்?" என்றார்.

இன்றைக்கே பேசு என்றேன். வண்டியில் வந்த அந்த மௌனத்துக்கு அவள் எத்தனை அர்த்தம் கட்டியிருப்பாளோ. 'எனக்கு இதெல்லாம் புதுசும்மா, கோபமில்லை' என்றால் முதல் நாளுக்குப் போதும். போனைப் பிடுங்காதே, தோழிகளைத் துருவாதே. நடு ராத்திரியில் அவளுக்கோ உனக்கோ மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடு. அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். இதே இடத்தைக் கடந்து வந்த பெற்றோரிடம் பேச வேண்டுமென்றால் சென்னையில் ஓரினம் என்ற குழு பல வருடமாக இயங்குகிறது.

"எங்கம்மாகிட்டச் சொல்லிடவா? பேத்தின்னா அதுக்கு உசிரு."

"அவள் சொல்லச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்போ பாட்டிகிட்ட மட்டுமில்ல, பெண்டாட்டிகிட்டக்கூட அவளைக் கேட்காம சொல்லாதே. என்கிட்ட வந்து சொன்னதையும் இன்னைக்கு ராத்திரி அவகிட்டச் சொல்லிடு."