சங்கத்தின் கணிப்பொறி: புதிது வாங்குவதா, பழையதைத் திருத்துவதா?

கூட்டுறவுச் சங்கத்தின் ஒவ்வொரு காசும் அங்கத்தினரின் உழைப்பில் விளைந்தது. தறிக்குழியில் இறங்கிப் பாவோடும் ஊடையோடும் பொழுதைக் கழிக்கும் நெசவாளரும், சேற்றில் இறங்கி நாற்று நடும் உழவரும் செலுத்திய பங்குத் தொகையைக் கொண்டே சங்கம் எதனையும் வாங்குகிறது. ஆதலின், “அலுவலகக் கணிப்பொறி மிகவும் மெதுவாக ஓடுகிறது, புதிது வாங்கிவிடலாமா?” என்று நிர்வாகக் குழுவினர் கேட்கும்போது, ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட நமக்கு மனம் வருவதில்லை.

நெசவாளருக்குக் கணிப்பொறி அந்நியப் பொருளன்று. பிரான்சு நாட்டின் ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் தறிக்கென அமைத்த துளை அட்டைகளே, ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்திற்கு வழிகாட்டின. தறியைப் போலவே கணிப்பொறியும் பல உறுப்புக்களின் கூட்டு. நயமான நூலுக்கு ஏற்ற அச்சும் விழுதும் இல்லையேல் சேலை நயமாக அமையாது. கிணற்றில் ஊறும் நீரை அளவிடாமல் பெரிய மோட்டாரை இறக்கினால் வயல் கூடுதலாக நனையாது. உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதே இங்கும் முதல் விதி.

குறை எங்கே உள்ளது?

பணம் செலவிடுமுன் குறையைக் கண்டறிய வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மானேஜர்’ என்னும் பக்கம் தோன்றும். வழக்கமான வேலை நடைபெறுகையில் அதனைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் என்பதன் எதிரே நூற்றுக்கு நூறு என்று நெடுநேரம் நின்றால் குறை சேமிப்பகத்தில் உள்ளது. மெமரி என்பது தொண்ணூறைக் கடந்து நின்றால் ராம் போதவில்லை. அவ்விரண்டும் தாழ்ந்திருக்க, சி.பி.யு. மட்டும் ஓயாது உயர்ந்து நின்றால் பிராசஸர் தளர்ந்துள்ளது என்று கொள்ளலாம். சங்க அலுவலகங்களில் நாம் கண்டவரை, பழுது பெரும்பாலும் முதலிரண்டிலேயே இருந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை தட்டு சுழல்கிறது. வேண்டிய இடத்திற்கு அதன் கை நகர்ந்து செல்ல, ஒவ்வொரு முறையும் நொடியில் நூற்றில் ஒரு பங்களவு காலம் பிடிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லாமையால் இக்காலம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. பத்தாண்டுப் பழமையுள்ள கணிப்பொறியிலும் சாட்டா இணைப்புள்ள எஸ்.எஸ்.டி.யைப் பொருத்த இயலும். கணக்கு எழுதும் வேலைக்கு 256 அல்லது 512 ஜி.பி. அளவே போதும். கணக்குகளை மாற்றிய பின்னரும் பழைய டிஸ்க்கைச் சில வாரங்கள் அழியாமல் வைத்திருத்தல் நலம்.

ராம் வாங்குகையில் இனம் பார்த்து வாங்க வேண்டும். டி.டி.ஆர்.3, 4, 5 என்னும் மூன்றும் வெட்டுவாய் வேறுபட்டவை. ஒன்றிற்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கணக்குப் பணிக்கு 8 ஜி.பி.யும், சேலை வடிவங்களைத் திரையில் வரையும் பணிக்கு 16 ஜி.பி.யும் ஏற்றவை. 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்குவதினும் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கிப் பொருத்தினால் பிராசஸர் இரு வழியாகவும் செய்தியைப் பெறும், வேகம் கூடும்.

எப்போது புதிது வேண்டும்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கிவந்த பொது ஆதரவு 14-10-2025 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு ஆகியவற்றோடு, இன்டெல்லாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். டி.பி.எம். இருந்தும் அமைப்புப் பக்கத்தில் அணைக்கப்பட்டிருப்பது உண்டு; அதனைச் சோதியாமல் கணிப்பொறியைத் தள்ளிவிடலாகாது. பிராசஸரே தகுதி பெறாத நிலையில் லினக்ஸ் நிறுவுவதும் ஒரு வழி. எனினும் சங்கத்தின் கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். இயங்காதெனில் புதிய பொறி வாங்குவதே முறை.

அப்போது மூன்று பொருத்தங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பிராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டுக்கு உரியனவா என்பது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டு டி.டி.ஆர்.4-ஐயும், 2022-இல் வந்த ஏ.எம்.5 டி.டி.ஆர்.5-ஐயும் மட்டுமே ஏற்கும். இரண்டாவது, படம் காட்டும் திறன் பிராசஸரினுள்ளேயே உள்ளதா என்பது. இன்டெல் பெயரின் இறுதியில் ‘எப்’ என்னும் எழுத்திருந்தால் அத்திறன் இராது. விலை குறைவென்று அதனை வாங்கினால் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரும். சங்கப் பணிக்கும் சேலை வடிவம் வரையும் பணிக்கும் தனிக் கார்டு பொதுவாக வேண்டுவதில்லை. மீதமாகும் பணத்தை நிறம் பிறழாமல் காட்டும் ஐ.பி.எஸ். திரைக்குச் செலவிடலாம். மூன்றாவது, விலை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக உற்பத்தி திருப்பப்பட்டதால் ராம் விலை பெரிதும் ஏறியது. ஆதலின் பழைய விலைப்புள்ளியை நம்பித் தீர்மானம் நிறைவேற்றலாகாது.

நாம் பட்டறிந்தது

கண்ணுக்குத் தெரியாத உறுப்பே பெருங்கேடு செய்வதை நாம் அநுபவத்தில் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் பொறுப்பிலிருந்த ஒரு சங்கத்திற்கு மிகக் குறைந்த விலைப்புள்ளியை ஏற்றுக் கணிப்பொறி வாங்கினோம். பெட்டி பளபளத்தது. மின்சாரம் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். எந்தத் தயாரிப்பு என்று நாம் கேட்கவில்லை. விலைப்புள்ளியிலும் அது எழுதப்படவில்லை. ஐப்பசி மழையின்போது ஒரு மாலை மின்சாரம் போய் வந்த கணத்தில் அது கருகியதோடு, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் உடன் கொண்டு சென்றது. மூன்று மாதச் சிக்கன நிதிக் கணக்கு வேறெங்கும் படி எடுக்கப்பட்டிருக்கவில்லை. தம் கணக்கில் எவ்வளவு உள்ளது என்று கேட்டு வந்த முதியவர் ஒருவருக்கு அன்று விடை கூற இயலாமல் நின்றோம். கணக்கர் ரசீது அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு இரவுகள் பல கண்விழித்து எழுதியதால்தான் கணக்கு மீண்டது. வணிகர் மீது மட்டும் பழி கூறுவதற்கில்லை. கேளாதிருந்தது நம் குற்றமே.

ஆதலின் எஸ்.எம்.பி.எஸ். பெயருள்ள தயாரிப்பாகவும், ‘80 பிளஸ்’ முத்திரை பெற்றதாகவும் இருக்கட்டும். தனிக் கார்டு இல்லாத பொறிக்கு 450 வாட் தாராளம். 450 வாட் என்பது தரவல்ல அளவேயன்றி எப்போதும் செலவாகும் அளவன்று. பொறி 80 வாட் எடுத்து, நாளுக்கு எட்டு மணி வீதம் 300 நாள் ஓடினால் ஆண்டுக்கு 192 யூனிட்டே ஆகும். யு.பி.எஸ்.ஸும் சரியான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 என்னும் சிறு பாட்டரி தீர்ந்தால் தேதி பின்னே போய்விடும். அதனை அறியாமல் பற்றுச்சீட்டுக்களைத் தவறான தேதியில் அச்சிடாதிருக்கக் கணக்கர் நாள்தோறும் தேதியைப் பார்த்தல் வேண்டும்.

அனைத்திற்கும் மேலாக, கணக்கின் படிகள் மூன்று இருக்கட்டும்: ஒன்று பொறியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று அலுவலகத்திற்கு வெளியே பாதுகாப்பான இடத்தில்.

நிர்வாகக் குழுவினருக்கு நாம் கூறுவது இதுவே. விலைப்புள்ளி கோரும்போது ‘ஒரு கணிப்பொறி’ என்று எழுதாமல், ஒவ்வோர் உறுப்பின் பெயர், அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதக் கேளுங்கள். பொருள் வந்ததும் வரிசை எண்களைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். நூல் சிட்டத்தை எடை போட்டும் நம்பர் பார்த்தும் வாங்குபவர்கள் நாம். கணிப்பொறியை மட்டும் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா? அங்கத்தினர் ஒருவர் எந்நாளில் வந்து தம் கணக்கைக் கேட்டாலும் தயங்காமல் எடுத்துக் காட்டும் பொறியே சங்கத்திற்கு ஏற்ற பொறி.