குங்கிலிய மரத்தில் ஏறிய எறும்பு

சிங்கப்பூரின் தேக்காவில் சாம்பிராணிக்குப் பக்கத்தில் விற்கும் குங்கிலியம் ஒரு மரத்தின் பிசின். பட்டையில் காயம் பட்டால் மரம் அதைக் கசியவிட்டு மூடிக்கொள்ளும். அந்த ஈரத்தில் கால் வைத்த எறும்பு மீளாது. அதன்மேல் அடுத்த சொட்டும் வழிந்து மூடி, மண்ணுக்கடியில் மில்லியன் கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகினால் அதுதான் அம்பர்.

மியன்மார் அம்பரில் கிடைத்த ‘நரக எறும்புகள்’ பிரபலம். வயது சுமார் 99 மில்லியன் ஆண்டு. இன்றைய எறும்பின் தாடை பக்கவாட்டில் மூடும். இவற்றுக்கோ கீழிருந்து மேலே. தலைக்கொம்போடு சேர்த்து இரையை அழுத்திப் பிடித்தன. இரையைக் கவ்வியபடியே சிக்கிய ஒன்றை 2020இல் விவரித்தார்கள். அந்தக் கிளை வாரிசில்லாமல் அழிந்தது.

குஜராத்தில் சூரத் அருகேயுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் எறும்புகள் வேறு ரகம். லக்னோவின் ஹுகம் சிங், ஜெர்மனியின் ஜெஸ் ரஸ்ட், நியூயார்க்கின் டேவிட் கிரிமால்டி உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அந்த அம்பருக்கு 50 முதல் 52 மில்லியன் ஆண்டு வயது சொன்னது. அதிலுள்ள எறும்புகள் இன்றும் உயிரோடிருக்கும் துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை. செங்காங் அடுக்குமாடியில் சீனி டப்பாவைத் தேடி வருபவற்றுக்குத் தூரத்து உறவு என்று தாராளமாகச் சொல்லலாம்.

வஸ்தான் அம்பர் முழுதாக இறுகாதது, ஆய்வாளர்களுக்கு அதிர்ஷ்டம். கரைப்பானில் இட்டால் பிசின் கரைந்து, பூச்சி அப்படியே வெளியே வரும். மேல்தோலின் நுண்ணிய வரிகள்கூட அழிவதில்லை. முழுதாக இறுகிய பால்டிக் அம்பரையோ அறுத்து மெருகேற்றி வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தியா அப்போது தனித்தீவாக நெடுங்காலம் நகர்ந்துவந்து ஆசியாவை முட்டும் தறுவாயில் இருந்தது. எனவே வேறெங்கும் இல்லாத உயிர்களே கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களில் பலவற்றுக்கோ ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியப் பக்கமும் வெப்பமண்டல அமெரிக்காவிலும் சொந்தம் இருந்தது. கடல் அத்தனை பெரிய தடையாக இருக்கவில்லை போலும்.

எனக்கு எறும்பைவிட மரம்தான் சுவாரசியம். பிசினின் வேதியியலும் உடன் கிடைத்த மரத்துண்டும் குங்கிலிய மரக் குடும்பத்தையே காட்டின. மெராந்தி, கெருயிங், புக்கிட் தீமா காட்டில் ஓங்கி நிற்கும் செராயா எல்லாம் இதே குடும்பம். சூரத் பக்கம் இன்று மழைக்காடு கிடையாது. ஆனால் இந்தக் குடும்பம் இந்திய நிலத்தட்டோடு பயணம் செய்துதான் தென்கிழக்காசியாவுக்குள் பரவியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள் கணக்குப்படி, செராயாவின் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்.