அரைவை இயந்திரம் வாங்குமுன்

காவிரி வடிநிலத்துச் சமையலறையில் தோளை வருத்தும் வேலை எது? காய் நறுக்குவதன்று, ஊறிய அரிசியையும் உளுந்தையும் அரைப்பதே. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 37 என்னும் குண்டு ரகத்தை இட்லிக்கென்றே தேடி வாங்கும் மக்கள் நாம். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஃபுட் பிராசஸரைக் கடைக்காரர் புகழ்ந்துரைக்கும்போது இதனை நினைவில் கொள்வது நலம்.

ஃபுட் பிராசஸர் பிரான்சு நாட்டு உணவு விடுதிகளுக்காக உருவான கருவி. அதைத் தழுவிய 'குசினார்ட்' 1973-இல் அமெரிக்க இல்லங்களுக்கு வந்தது. அகன்ற கிண்ணமும் வட்டத் தகடுகளும் கொண்ட இக்கருவி காய் சீவும், துருவும், சப்பாத்தி மாவு பிசையும். விருந்தினர் மிகுந்த வீட்டிற்கு இது பேருதவியே. ஆனால் சட்னிக்குரிய ஒரு பிடி தேங்காய் அந்தக் கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும். மிக்ஸி ஜாடிகளும் உடன்வரும் மாதிரிகள் நம் நாட்டில் பல உண்டு. அவற்றில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கிண்ணத்துக்கும் தகடுகளுக்குமே என்பதை உணர வேண்டும்.

அயல்நாட்டுக் கருவி நம் அரைவைக்கு ஈடுகொடாத கதை பழையது. வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்ஸி பழுதுபட்டதால்தான் பொறியாளர் சத்திய பிரகாஷ் மாத்தூர் 1963-இல் 'சுமீத்' மிக்ஸியை உருவாக்கினார். அதற்கும் முன்பே, 1955-இல், கோவை பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி கிரைண்டரை அமைத்துவிட்டார். கோவை கிரைண்டர் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

வாட் எண்ணைக் கண்டு மயங்கற்க. மிக்ஸி 750 வாட் என்றால், மேசைக் கிரைண்டர் ஏறத்தாழ 150 வாட்தான். எனினும் உளுந்துக்குக் கிரைண்டரே ஏற்றது. மிக்ஸியின் கத்தி நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று மாவைச் சூடாக்கும். கல்லோ மெல்ல உருண்டு, காற்றைப் பொதிந்து, மாவைப் பொங்கச் செய்யும். மிக்ஸியில்தான் அரைத்தாக வேண்டுமெனில் குளிர்ந்த நீர் விட்டு, விட்டுவிட்டு அரைக்கலாம்.

2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தால் மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனையோ வீடுகளுக்கு விலையின்றி வந்தன. அவை இன்னும் ஓடுமாயின், புதிதாக எது தேவை என்று வீட்டார் கூடிப் பேசுக. நாம் அறிந்தவரை, இட்லியும் தோசையும் வாரம் நான்கு நாள் உண்ணும் குடும்பத்திற்கு நல்ல கிரைண்டரும் உறுதியான மிக்ஸியும் போதும். காய் துருவும் தகட்டை நாடிப் பெருந்தொகை செலவிடுவது, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் காத்திருக்கும் வீட்டில், நமக்குச் சரியெனப் படவில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். மோட்டாரின் கார்பன் பிரஷ், ஜாடியின் அடிக் கப்ளர், மூடியின் ரப்பர் வளையம் ஆகிய தேயும் உறுப்புகள் தஞ்சையிலோ கும்பகோணத்திலோ கிடைக்குமா என்று கேளுங்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பாராயின் வேறு கடை நாடலாம். கிரைண்டரின் பாத்திரத்தையும் கல்லையும் தூக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். தூக்கிப் பார்ப்பவர் பணம் கொடுக்கும் குடும்பத் தலைவராக இராமல், நாள்தோறும் அதைக் கழுவப் போகிறவராக இருக்கட்டும்.