ஓட்டமும் அரிச்சுவடியும்

நெடுவழியில் ஓடுகின்ற கால்களுக்கும் எழுத்தறியப் புகும் பிஞ்சு விரல்களுக்கும் யாது தொடர்பு? ஒன்றுமில்லை என்றே முதலில் தோன்றும். ஆயினும், அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் பயிலும் இளைஞர் பலர் இவ்விரண்டையும் இணைத்திருக்கின்றனர். நெடுந்தொலை ஓட்டங்களில் கலந்துகொண்டு, அதன் வாயிலாக நன்கொடை திரட்டி, வறிய குடும்பக் குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு அளிப்பது அங்கே ஒரு நல்வழக்கமாக வளர்ந்துள்ளது. அவ்வழக்கம் எவ்வாறு இயங்குகிறது, அதனால் விளையும் பயன் எத்தகையது, அதன் எல்லை யாது என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

ஓட்டத்திலிருந்தே தொடங்குவோம். பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் நடைபெறும் மாரத்தான் ஓட்டம் உலகப் புகழ் பெற்றது. 1897-ஆம் ஆண்டில் அது முதன்முதலாக நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேரே. இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர். ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கும் பாதை, வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியையும் பாஸ்டன் கல்லூரியையும் கடந்து நகரின் நடுப்பகுதியை அடைகிறது. மாணவர் கூட்டம் சாலையின் இருமருங்கும் நின்று ஆரவாரம் செய்யும். அம்மாணவருள் சிலர் கூட்டத்தை விட்டிறங்கித் தாமும் ஓடுவர்.

இவ்வோட்டத்தில் விரும்பியவரெல்லாம் கலந்துகொள்ள இயலாது. வேறொரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தவர்க்கே பொதுவாக இடம் உண்டு. ஆனால் 1989-ஆம் ஆண்டு முதல் மற்றொரு வாயிலும் திறக்கப்பட்டது. அறப்பணி அமைப்பு ஒன்றின் சார்பில் குறித்த தொகைக்குக் குறையாமல் நிதி திரட்டித் தருவோர்க்கும் இடம் அளிக்கப்பட்டது. விரைவு குறைந்தவரும் தம் உழைப்பைப் பிறர் நலனுக்காக்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

'நிதி தேவையென்றால் நேரே கேட்டுப் பெறலாமே, ஓடுவது எதற்கு?' என நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. மாணவரிடம் பொருள் இல்லை. உடல் வலியும் காலமும் உண்டு. தம்மிடம் உள்ளதை முன்னதாகக் கொடுத்துவிட்டுப் பிறரிடம் கேட்கும்போது, அந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு ஏற்படுகிறது. அண்டை நாடான கனடாவின் டெர்ரி பாக்ஸ் என்னும் மாணவரை நினைவுகூர்வோம். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவர், 1980-ஆம் ஆண்டு செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் மீண்டும் தாக்கவே, நாட்டின் மறுகரையை எட்டுமுன் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. மறு ஆண்டு ஜூன் திங்களில், தம் 22-ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் கனடா மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்னும் கணக்கில் அவர் வேண்டிய தொகை, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் கண்ணெதிரிலேயே திரண்டது. உழைப்பைக் கண்ட மக்கள் பொருளை மறுப்பதில்லை.

நெடுந்தொலை ஓட்டம் ஒரே நாளின் வீரம் என்று எண்ணிவிடலாகாது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்ந்திருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 500 கிராம். இடைவிடாது ஓடுவோர்க்கு அது பெரும்பாலும் 30-ஆம் கிலோமீட்டர் அளவில் தீரத் தொடங்கும். கால்கள் கனக்கும், மனம் தளரும். பாஸ்டன் பாதையில் 'நெஞ்சுடைக்கும் குன்று' எனப் பொருள்படும் பெயர் பெற்ற மேடு, சரியாக அந்தக் கட்டத்திலேதான் எதிர்ப்படுகிறது! அதனை ஏறிக் கடக்கும் ஆற்றல் அன்று காலையில் வந்ததன்று. நான்கைந்து மாதங்கள், வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டி, இடையிடையே ஓய்வு கொண்டு, எவரும் கைதட்டாத விடியற்பொழுதுகளில் ஓடிப் பெற்றதாகும்.

இனிக் குழந்தைகளிடம் வருவோம். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இவ்வுண்மையை அளந்து பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று 1962-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் தொடங்கியது. அதனை நடத்தியவர் டேவிட் வைகார்ட் என்னும் கல்வியாளர். வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். 58 குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வயதில் முன்பருவக் கல்வி அளிக்கப்பட்டது. 65 பேர்க்கு அளிக்கப்படவில்லை. நாள்தோறும் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு நடந்தது. என்ன செய்யப் போகிறோம் என்று குழந்தையே திட்டமிடும், அதனைச் செய்யும், பின்னர் செய்ததை எடுத்துச் சொல்லும். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே சென்று தாயுடன் உரையாடுவார். ஆரவாரம் எதுவுமில்லாத பணி இது.

விளைவு யாது? முதலில் அறிவுத்திறன் அளவைகளில் இக்குழந்தைகள் முந்தினர். ஆனால் சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 'முயற்சி வீண்' என்று அங்கேயே கணக்கை முடித்திருக்கலாம். ஆராய்ச்சியாளர் முடிக்கவில்லை. அக்குழந்தைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தனர். முன்பருவக் கல்வி பெற்றவருள் 100-க்கு 77 பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தனர். பெறாதவருள் 60 பேரே முடித்திருந்தனர். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைது செய்யப்பட்டவர்கள் முதற்பிரிவில் 100-க்கு 36 பேர். மற்றப் பிரிவில் 55 பேர். இடைவழியில் பயன் மறைந்ததுபோல் தோன்றிய உழைப்பு, பிற்காலத்தில் பலன் தந்தது. முன்பருவக் கல்வியும் ஒரு நெடுந்தொலை ஓட்டமே என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மாணவி 50 பேரிடம் சென்று, தான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு டாலர் தருமாறு உறுதி பெறுவதாகக் கொள்வோம். அவள் 42 கிலோமீட்டர் ஓடினால் 2,100 டாலர் கிடைக்கும். அவளைப்போல் 20 பேர் ஓடினால் 42,000 டாலர். பெருந்தொகைதான். ஆனால் இப்சிலாண்டியில் ஒரு குழந்தைக்கு ஆன செலவு, 2000-ஆம் ஆண்டின் பண மதிப்பில் 15,000 டாலருக்குச் சற்று மிகுதி. ஆகவே இருபது இளைஞர் முழுத் தொலைவும் ஓடிச் சேர்த்த நிதி, அத்தகைய கல்வியை மூன்று குழந்தைகளுக்கு அளிக்கவும் போதாது!

இக்கணக்கு நம்மைச் சோர்வடையச் செய்யவேண்டுவதில்லை, தெளிவடையச் செய்யவேண்டும். ஒரு நாட்டின் ஏழைக் குழந்தைகள் அனைவர்க்கும் கல்வியளிக்கும் பொறுப்பை மாணவரின் கால்கள் மீது ஏற்றிவிட முடியாது. அஃது அரசின் கடமை. அமெரிக்க அரசு 1965-ஆம் ஆண்டில் 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் அது கோடை விடுமுறையில் எட்டு வாரங்களே நடந்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பயன் பெற்றனர். எனினும், எட்டு வாரங்களில் வறுமையின் குறையை நிரப்புதல் அரிது என்பது விரைவில் உணரப்பட்டது. அது பின்னர் ஆண்டு முழுவதும் நடைபெறும் திட்டமாயிற்று.

அப்படியாயின் மாணவரின் ஓட்டத்தால் ஆவது என்ன? இருபது பேர் ஆளுக்கு ஐம்பது பேரிடம் சென்றால், ஆயிரம் பேர் காதில் ஒரு செய்தி விழுகிறது. 'மூன்று வயதுக் குழந்தைக்கு ஆசிரியர் எதற்கு?' என்று அந்த ஆயிரவரும் கேட்பர். ஓடுபவர் விடை சொல்லியாக வேண்டும். சொல்வதற்காகவேனும் கற்றாக வேண்டும். இவ்வாறு உருவாகும் மக்கள் கருத்தே அரசையும் அசைக்க வல்லது.

திரண்ட நிதியைச் செலவிடுவதிலும் கவனம் தேவை. ஒருநாள் விருந்துக்கும் வண்ணத் தோரணத்துக்கும் செலவிட்டால் அது மறுநாளே மறைந்துபோகும். ஆசிரியரின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் கதைப் புத்தகங்களுக்கும் ஆக்கினால் அது குழந்தையிடம் தங்கும். கொடுத்தவர்க்குக் காசு பிசகாமல் கணக்குக் காட்டுதல் வேண்டும். நன்கொடை வேண்டிக் குழந்தையின் வறுமையைக் காட்சிப் பொருளாக்குதலும் தகாது. உதவி பெறும் குழந்தைக்கும் மானம் உண்டு.

1993-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர் சிலர் தொடங்கிய 'ஜம்ப்ஸ்டார்ட்' என்னும் அமைப்பு, பணத்தோடு நில்லாத மற்றொரு வழியைக் காட்டியது. கல்லூரி மாணவர் பயிற்சி பெற்று, வறியோர் வாழும் பகுதிகளின் மழலையர் பள்ளிகளுக்குத் தாமே சென்றனர். குழந்தைகளோடு அமர்ந்து கதை படித்தனர்; சொற்களைச் சொல்லிக் கொடுத்தனர்; அவர்கள் பேசக் கேட்டனர். ஒருமுறை வந்து போகும் விருந்தினராக அன்றி, கல்வியாண்டு முழுவதும் இப்பணியில் நின்றனர்.

ஆகவே மாணவ நண்பர்களே, அறப்பணிக்காக ஓடும் வாய்ப்பு உங்களுக்கும் நேருமாயின், தக்க பயிற்சியுடன் ஓடுங்கள். ஓடிச் சேர்த்ததை முறையாகச் செலவிடுங்கள். ஓட்டம் முடிந்த மறுவாரம், கால்களின் வலி தீர்ந்ததும், உங்கள் ஊரின் மழலையர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரின் இசைவு பெற்று ஒரு கதை படித்துக் காட்டுங்கள். அதற்கடுத்த வாரமும் தவறாமல் செல்லுங்கள். உங்களை எதிர்பார்த்து அங்கே ஒரு குழந்தை காத்திருக்கும்.